மேல்வரியை மூடிய அட்டை

மழையக்காவைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரால் மழையை வரவழைக்கவும் முடியாது, வருகிற மழையை நிறுத்தவும் முடியாது. இதை அவரே பத்துத் தெருவுக்கும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் காதில் வாங்குவதாக இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலைத் தாண்டினால் போதும், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவர் ஒரு கேள்வி கேட்பார். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஒன்று கேட்பார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள்கூட ஒன்று கேட்பார். எல்லாம் ஒரே கேள்விதான்: இன்றைக்கு மழை உண்டா? சொன்னபடி பெய்தால் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். பெய்யாவிட்டால், இவர்தான் மழையைத் தூக்கி எங்கேயோ ஒளித்துவைத்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். இருபத்துமூன்று வருடமாக இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஊரின் மேற்குக் கோடியில் ஒரு சிறிய வானிலை நிலையம் இருக்கிறது. கம்பிவேலிக்குள் ஒரு புல்தரை, ஓரமாக இரண்டு அறைகள், அவ்வளவுதான். மழையக்காவுக்கு அங்கே அளவெடுக்கும் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கருவிகளைப் பார்த்து, எண்களைப் பதிவேட்டில் எழுதி, மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவருக்குப் பகல் முறை. ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு. இந்த வேலை கிடைத்தபோது அவருடைய அம்மாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. "வானத்தை நாங்களுந்தான் தினமும் பார்க்கறோம், எங்களுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?" என்று அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையில் வானத்தைப் பார்ப்பது அந்த வேலையில் கால்பங்குகூட இல்லை. புல்தரையில் நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். அதன் பக்கங்களெல்லாம் சாய்வான சிறு பலகைகள். காற்று உள்ளே போய்வரலாம், வெயில் நுழையக்கூடாது. ஏனென்றால் நமக்கு வேண்டியது காற்றின் சூடு, வெயிலின் சூடு அல்ல. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் மின்விசிறிக்குக் கீழே நின்றால் உடம்பு சில்லென்று ஆகிறதல்லவா, அதேதான் அங்கேயும். ஈரம் உலரும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, ஈரத்துணி கட்டிய வெப்பமானி குறைவாகக் காட்டுகிறது. காற்று வறண்டிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் துணி சீக்கிரம் உலராது, இரண்டும் நெருங்கி நிற்கும். அந்த நெருக்கத்தைப் பார்த்துத்தான் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மழையக்கா சொல்வார்.

இவை எல்லாவற்றையும்விட அவர் மரியாதை வைத்திருப்பது அறைக்குள் சுவரில் தொங்கும் பாதரசக் குழாய்மேல். அது காற்றின் எடையைப் பார்க்கிற கருவி. காற்றுக்கு எடையா என்று சிரிக்காதீர்கள். நம் தலைக்குமேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. உங்கள் உள்ளங்கையை இப்போது நீட்டினால் அதன்மேல் எழுபது எண்பது கிலோ அழுத்திக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்தும் அதே அளவு தள்ளுவதால் உங்களுக்குத் தெரியவில்லை. அந்த எடை ஏறினால் குழாயில் பாதரசம் ஏறும், குறைந்தால் இறங்கும். அடைமழைக்கு முன்னால் இறங்கும், சூறைக்காற்றுக்கு முன்னால் இன்னும் வேகமாக இறங்கும். மேகம் கண்ணில் படுவதற்கு முன்பே அந்தக் குழாய்க்குத் தெரிந்துவிடும் என்பார் மழையக்கா, ஏதோ வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுகிற தோரணையில்.

அளவை எழுதும்போது அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பதிவேட்டைத் திறந்ததும், முந்தைய அளவுகள் இருக்கிற மேல்வரிகளின்மேல் ஒரு அட்டையை வைத்து மூடிவிடுவார். செருப்புப் பெட்டி மூடியிலிருந்து வெட்டிய சாதாரண அட்டை. அதன் ஓரங்கள் நைந்து, நடுவில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் ஒன்று பதிந்திருக்கிறது. கருவியைப் பார்ப்பார், எண்ணை எழுதுவார், எழுதி முடித்த பிறகுதான் அட்டையை எடுத்து முந்தைய எண்ணோடு ஒப்பிடுவார். அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரம் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடும் என்று விடைத்தாளை மறைக்கிற மாதிரி இருக்கிறதே என்பார்கள். மழையக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அட்டையை மட்டும் எடுக்கமாட்டார்.

அந்த அட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. சொல்லிக்கொள்ள நல்ல கதை அல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் மழையக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாதரசத்தைப் பார்த்தால் 1003.8 மில்லிபார் காட்டியது. பதிவேட்டில் ஒன்பது மணிக்கு அவரே எழுதிய எண் 1009.4. வழக்கமாக அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றோ ஒன்றரையோ குறையும். ஐந்தரைக்குமேல் குறைந்து அவர் பார்த்ததே இல்லை. பயந்துபோனார். அது காற்றைப் பற்றிய பயம் அல்ல. போன வாரம்தான் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்து, மண்டல அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போதும் தன் கண்தான் தப்பு செய்கிறது என்று நினைத்தார். இன்னொருமுறை பார்த்தார், அதே எண். மறுபடியும் மேல்வரியைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் சந்தேகம் வராத ஓர் எண்ணாக, நல்ல குடும்பத்து எண்ணாக, 1007.8 என்று எழுதி அனுப்பிவிட்டார்.

நாலே நாலு மில்லிபார் கூட்டிப் போட்டார். மண்டல அலுவலகத்தின் வரைபடத்தில் அந்த எண் சமர்த்தாகப் பொருந்திக்கொண்டது. யாரும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. இரண்டரை மணிக்கு இடியோடு வந்த சூறைக்காற்று சந்தைக் கூரையின் தகரங்களைச் சீட்டுக்கட்டைப் போலப் பிரித்து வீசியது. ஒரு தகரம், கீழே தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண்ணின் வலது கையில் விழுந்து எலும்பை இரண்டு இடத்தில் முறித்தது.

மழையக்கா செய்ததை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அறையில் இன்னொரு கருவியும் இருந்தது. மெதுவாகச் சுற்றும் உருளையில் காகிதம் சுற்றி, ஒரு பேனா முனை காற்றழுத்தத்தை வாரம் முழுக்கக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை காகிதத்தை மாற்றும்போது பார்த்தார். அந்த நாளில், சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. அவர் எழுதிய எண் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. காகிதத்தைச் சுருட்டிக் கட்டி அலமாரியில் போட்டிருந்தால் அது அங்கேயே மட்கிப் போயிருக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார். அதிகாரியின் மேசையில் விரித்து, இது கருவி சொன்னது, இது நான் எழுதியது என்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். கண்டனக் கடிதம் வந்தது. அதை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதிகாரியிடம் சொல்வது சுலபம். தையல்காரரிடம் சொல்வதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் மூன்றுமுறை போனார். மூன்றுமுறையும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தார். நாலாம்முறை சொல்லிவிட்டார். தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "நீங்க சரியா எழுதியிருந்தா மட்டும் கூரை பறக்காம இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

"கூரை பறந்திருக்கும்," என்றார் மழையக்கா. "நீங்க அதுக்கு அடியில உக்காந்திருக்க மாட்டீங்க."

தையல்காரர் குண்டூசிகளை மறுபடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் மழையக்காவின் சட்டைகளை அவர்தான் தைக்கிறார். மழைக்காலத்தில் அவருடைய வலது முழங்கைக்கு வலி வரும். அப்போதெல்லாம் சட்டை கிடைக்க ஒரு வாரம் தாமதமாகும், மழையக்கா கேட்கவே மாட்டார்.

உருளைக் காகிதத்தை அதிகாரியிடம் கொண்டுபோன வாரம் வெட்டியதுதான் அந்த அட்டை.

இனி மழையக்காவின் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவருடைய தங்கை. ஆறு வயதிலேயே அண்ணன் தம்பிகளை வரிசையாக உட்காரவைத்து வருகை எடுத்த ஆள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர். பிற்பாடு அவள் நிஜமாகவே டீச்சராகி, ஊரின் கிழக்குப் பக்கம் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியையும் ஆகிவிட்டாள். அண்ணியைக் கேலி செய்வதை மட்டும் விடவில்லை. அதற்கு அவளிடம் நியாயமான காரணமும் இருந்தது. ஒரு வருடம், அண்ணி மழைக்கு வாய்ப்பு அதிகம் என்றாரே என்று விளையாட்டு விழாவைத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பத்துக்கு ஏழு என்று வாய்ப்பு சொன்னால் மீதி மூன்று தடவை பெய்யாது என்றுதான் அர்த்தம் என்று மழையக்கா பொறுமையாக விளக்கிப் பார்த்தார்.

"அந்த மூணு தடவையும் என் பள்ளிக்கூடத்துக்குன்னே எடுத்து வச்சிருக்கீங்களா அண்ணி?" என்றாள் டீச்சர். சாப்பாட்டு மேசையில் மழையக்காவின் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அட்டையையும் அவள் விட்டுவைக்கவில்லை. இருபது வருடம் எழுதுகிறவருக்கு இன்னும் மறைப்பு எதற்கு என்று ஒருநாள் கேட்டாள். அன்று மழையக்கா சிரித்து மழுப்பவில்லை. நாலு மில்லிபார் கதையை, தையல்காரரின் கை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அதற்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் கேலி செய்தாள், அட்டையைத் தொடவே இல்லை.

போன வருடம் விளையாட்டு விழாவுக்கு முதல்நாளே டீச்சர் தொலைபேசியில் கேட்டுவிட்டாள். மண்டல அலுவலகத்தின் அறிவிப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நாளைக்குப் பகல் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் மழையக்கா. மறுநாள் காலை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மைதானத்தில் பெரிய கூடாரம் போட்டு, இரும்புக் குழாய்களை நட்டு, மேடையும் பரிசு மேசையும் வைத்திருந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். இரண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருவதாக ஏற்பாடு.

பன்னிரண்டு மணிக்கு மழையக்கா வெள்ளைப் பெட்டியைத் திறந்தார். முப்பத்தாறு டிகிரி. ஈரத்துணி வெப்பமானி இருபத்தொன்பது. இந்தச் சூட்டில் இரண்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் காற்று நீராவியைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று பொருள். சட்டை முதுகோடு ஒட்டியது. காலையிலிருந்து வீசிக்கொண்டிருந்த கீழைக்காற்று நின்று, கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணங்கள் சுற்றாமல் நின்றன. மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி கொத்துக் கொத்தாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி மேகம் எப்படி வளர்கிறது என்று அவரைக் கேட்டால் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். தரை சுட, தரையை ஒட்டிய காற்றும் சுடும். சூடான காற்று இலேசு, அது மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி சிறுசிறு துளியாகும், அதுதான் மேகம். நீராவி துளியாகும்போது தன்னிடமிருந்த சூட்டை விட்டுவிடுகிறது. அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தூக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், சில சமயம் அதற்கும் மேல். அங்கே போனதும் அதற்குமேல் ஏற வழியில்லாமல், கூரையில் முட்டிய புகையைப் போல உச்சி தட்டையாகப் பரவும். உச்சி தட்டையாகிவிட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேலே போன தண்ணீரும் பனிக்கட்டியும் கனம் தாங்காமல் கீழே விழும். விழும்போது வழியில் உலர்ந்து காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த கனத்த காற்று மொத்தமாகத் தரையில் வந்து மோதி நாலாபக்கமும் சிதறி ஓடும். மழைக்கு முன்னால் வந்து மரத்தைச் சாய்ப்பது இந்தக் காற்றுதான்.

அன்றைக்கு அந்த மேகத்தின் உச்சி தட்டையாகத் தொடங்கியிருந்தது.

அறைக்குள் வந்தார். அட்டையை வைத்தார். பாதரசத்தைப் பார்த்தார். 1002.4 என்று எழுதினார். பிறகு அட்டையை எடுத்தார். ஒன்பது மணிக்கு 1008.9. எண்ணை அப்படியே அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் மண்டல அலுவலகத்தின் மேசை அதிகாரி அழைத்தார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். சுற்றியுள்ள நிலையங்கள் எல்லாம் ஆயிரத்து ஏழு, ஆயிரத்து ஏழரை என்று அனுப்பியிருக்கின்றன, உங்கள் எண் மட்டும் பொருந்தவில்லை, கணினி அதை ஏற்க மறுக்கிறது என்றார். அந்த வாரம் பார்த்து ரேடாரும் பழுதுபார்ப்பில் இருந்தது. "ஏழு புள்ளி நாலுதானே மேடம்? ரெண்டுன்னு தட்டியிருப்பீங்க. நான் மாத்திடறேன்."

"மாத்தாதீங்க," என்றார் மழையக்கா. "நான் பார்த்தது ரெண்டு புள்ளி நாலு. இருங்க, இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றேன்."

போய்ப் பார்த்தார். 1001.9. அதையும் சொன்னார். பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு அளவு வாங்கி உறுதி செய்த பிறகுதான் எச்சரிக்கை கொடுக்க முடியும், அதுதான் விதி என்றார் அதிகாரி. விதி தப்பு என்று மழையக்கா சொல்லவில்லை. ஊருக்கு எச்சரிக்கை கொடுக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அளவு என்ன என்று கேட்டவருக்குச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். டீச்சர் நேற்றே கேட்டிருந்தாள்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பிள்ளைகள் கூடாரத்துக்குள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த நேரம். டீச்சருக்கு மூச்சுவிடக்கூட ஒழிவில்லை. பள்ளிக்கு மேற்கே மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்பதால் அங்கிருந்து பார்த்தால் மேகமும் தெரியாது. இங்கே வெயில் சுட்டெரிக்கிறது, விருந்தினர் பாதி வழி வந்துவிட்டார், போனமுறை மாதிரி பெற்றோர் முன்னால் என்னை நிற்கவைக்காதீர்கள் என்று அவள் படபடவென்று பேசினாள். மழையக்கா அவள் பேசி முடிக்கிறவரை காத்திருந்தார்.

"மழை வரும்னு நான் சொல்லல. காத்து வரும்னு சொல்றேன். மூணு மணி நேரத்துல ஏழு இறங்கியிருக்கு. இதுக்கு முன்னாடி என் சர்வீஸ்ல ஒரே ஒரு நாள்தான் இப்படிப் பார்த்தேன். எந்த நாள்னு உனக்குத் தெரியும்."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் சற்றுத் தள்ளிப் போனது.

"அந்த நாளா?" என்றாள் டீச்சர்.

"அந்த நாள்தான். கூடாரத்தை விட்டு எல்லாரையும் கட்டடத்துக்குள்ள கொண்டு போ. ஜன்னல் பக்கம் யாரும் நிக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துல ஒண்ணும் வரலைன்னா நாளைக்கு நானே வந்து உன் பள்ளிக்கூட வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்கறேன்."

டீச்சர் சரி என்றாளா இல்லையா என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் விட்டு விட்டு அழைத்தார். பிறகு மேற்கே பார்த்தார். அழைப்பதற்கு நேரம் முடிந்துவிட்டது.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, கரும்பலகை நிறத்தில் ஒரு சுவர் வயல்களைத் தாண்டி வருவது தெரிந்தது. அதற்கு முன்னால் புழுதி உருண்டு வந்தது. முதலில் ஒரு சில்லென்ற மூச்சு முகத்தில் பட்டது. அடுத்த நொடி கம்பத்தின் கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. மணிக்குத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். வேலியோர மரம் ஒன்று முறிந்து சாலையில் விழுந்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிந்தால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. ஒன்றுகூட எண்ண முடியவில்லை. கூரையில் ஆலங்கட்டி விழுந்து உருண்ட சத்தத்தில் அவர் தன்னோடு தானே பேசிக்கொண்டது அவருக்கே கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் முப்பத்தாறு டிகிரி இருபத்துமூன்றாக இறங்கியது. பாதரசம் மட்டும் குதித்து ஏறியது. குளிர்ந்த கனத்த காற்று வந்து உட்கார்ந்துவிட்டதால் எடை கூடிவிட்டது.

நிலையத்தைத் தொட்ட ஐந்து நிமிடத்தில் இது பள்ளிக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். மின்சாரம் போயிற்று, தொலைபேசி செத்துவிட்டது, செல்போனில் சிக்னல் இல்லை, சாலையில் மரம் கிடக்கிறது. நிலையத்தில் மாற்று ஆளும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்தார். புயல் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும் என்பது விதி. அட்டையை வைத்தார், எழுதினார். அட்டையை எடுத்தார், மறுபடி வைத்தார், எழுதினார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வரியில் மட்டும் எழுத்து கோணலாக இருக்கிறது. எண் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மணி பத்து நிமிடத்தின் வரி அது. சூறை பள்ளியின்மேல் நின்ற நேரம்.

மூன்று மணி அளவையும் எழுதினார். அப்போது மழை நின்று, வெயில்கூட எட்டிப் பார்த்தது. வானம் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு வேலிக் கதவு திறந்தது. டீச்சர் வந்தாள். ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு, ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அந்த நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை. மழையக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எல்லாரும் இருக்காங்க அண்ணி," என்றாள் டீச்சர். "முந்நூத்திப் பன்னிரண்டும்."

பிறகு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நடந்ததைச் சொன்னாள். இணைப்பு அறுந்ததும் அவள் ஊதலை எடுத்து ஊதிவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் பிள்ளைகளை எழுப்பியதற்கு உடற்பயிற்சி ஆசிரியருக்கே கோபம். பன்னிரண்டு ஐம்பதுக்குள் எல்லோரும் வகுப்பறைகளில் இருந்தார்கள். வகுப்பு வகுப்பாக எண்ணிக்கை எழுதி வாங்கினாள். எல்லாம் சரியாக வந்தது. ஐந்தாம் வகுப்பு முப்பத்துநாலு என்று எழுதியிருந்தது. அதை எழுதிய ஆசிரியை அந்த எண்ணை எழுதும்போது ஒரு நொடி நிறுத்தி எழுதியதை டீச்சர் பார்த்துவிட்டாள். எண்ணி எழுதினீர்களா, காலையில் எழுதியதைப் பார்த்து எழுதினீர்களா என்று கேட்டாள். எண்ணினேன், முப்பத்துமூன்றுதான் வந்தது, பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்ததால் நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று முப்பத்துநாலு போட்டேன் என்றார் அந்த ஆசிரியை.

பொய் சொல்ல நினைத்தவர் அல்ல அவர். சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்தான். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, இப்போது எண்ணுங்கள் என்றாள். முப்பத்துமூன்று வந்தது. மறுபடியும் முப்பத்துமூன்று.

காலையில் சாக்குப் போட்டியில் கால் பிசகிய ஒரு சிறுமியை மேடைக்குப் பின்னால், பரிசு மேசைக்கு அடியில் நிழலாக இருக்கிறதே என்று பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்ததில் அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். ஊதல் சத்தம்கூட அவளை எழுப்பவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்துக்கு ஓடினார். அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாப் படியில் கால் வைத்தபோது கூடாரம் பின்னால் மொத்தமாக எழுந்தது. இரும்புக் குழாய் ஒன்று மேசையை இரண்டாக உடைத்துவிட்டு அங்கேயே குத்தி நின்றது.

"ஒண்ணே ஒண்ணு அண்ணி," என்றாள் டீச்சர். "ஒண்ணே ஒண்ணுதான் கூட்டிப் போட்டாங்க."

"நானும் நாலுதான் கூட்டினேன்," என்றார் மழையக்கா.

"கூட்டினீங்க. ஆனா அதை எங்கிட்ட சொன்னீங்க." டீச்சர் பதிவேட்டின்மேல் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தாள். "சொல்லாம இருந்திருந்தா அந்த முப்பத்துநாலைப் பார்த்து நானும் சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மழையக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபது வருடத்துக்கு முன்னால், தையல்காரரிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பிய அன்றும் இப்படி அழவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். டீச்சர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேலியாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

ஆறு மணி ஆகிவிட்டது. மழையக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய் வெள்ளைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வந்து பாதரசத்தின் முன்னால் நின்றார். பேனாவை எடுத்தபோது மேல்வரிகள் ஏற்கெனவே மூடியிருந்தன. டீச்சர்தான் அட்டையை வைத்து, நகராமல் இருக்க இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மழையக்கா எண்ணை எழுதினார். அப்போதுதான் உயிர் வந்திருந்த தொலைபேசியில் மண்டல அலுவலகத்தைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். மேசை அதிகாரி அதைத் திரும்ப ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, அப்படியே போட்டுக்கொள்கிறேன் மேடம் என்றார்.